மாரப்பன் பேரில்

நெருஞ்சிப்பட்டி
பார்த்திப வருஷம் ஆடி 20 (4-8-1945)

சிரஞ்சீவி மாதையனுக்கு உன் அப்பன் தீர்த்தன் சொல்ல, உன் அத்தை மகள் காசியம்மாள் எழுதுவது. இங்கே உயிருக்குக் குறைவில்லை. ஆனி முழுக்க இருந்த முழங்கால் வலி ஆடிக் காற்றோடு போய்விட்டது. நீ, நஞ்சம்மாள், குழந்தை பாஞ்சாலி மூன்று பேரும் சௌக்கியமா என்று எழுது. குழந்தைக்குக் கீழ்ப்பல் வந்துவிட்டதா?

பதினெட்டாம் பெருக்கன்று வழக்கம்போல் ஏரிக்கரைப் பாறையில் ஏழு குழிக்கும் கூழ் ஊற்றினோம். ஊற்றிக்கொண்டு நிற்கும்போதே மேலக்காட்டில் நான்கு பேர் சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். மணியக்காரர் முனிராஜ் போய்க் கேட்டார்.

"ஆரைக் கேட்டு அளக்கறீங்க?"

"சேலத்துக் கம்பெனிங்க. ஜவ்வரிசி மில்லு வரப்போவுது. சண்டையில சிங்கப்பூர் கப்பல் நின்னுபோச்சு. இனிமே ஜவ்வரிசியெல்லாம் நம்ம குச்சிக்கெழங்குலதான்."

"எம்மாம் பெரிய மில்லு?"

அந்த ஆள் ஏரிக்கரையிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் கையை வீசிக் காட்டினான். "நாப்பது ஏக்கரா. காய வெக்கிற களம் மட்டும் பத்து."

நம் ஊர் மொத்தம் பன்னிரண்டு வூடு. அதை அப்படியே பெயர்த்து அந்தக் களத்தின் ஒரு மூலையில் வைத்துவிடலாம். "அப்ப நாங்க எங்க நிக்கறது?" என்று முனிராஜ் கேட்டார். "நிப்பானேன்? மாவு கிண்ட வாங்க" என்றான்.

சேலத்துக்கு இந்தப் பக்கம் போன வருஷம் ஒரு மில் வந்திருக்கிறதாம். அதைப் பார்த்துவிட்டு வரலாம் என்று முனிராஜும் நானும் காசியும் மறுநாளே போனோம். கரிவாயு பஸ் மஞ்சவாடிக் கணவாயில் நின்று நின்று ஏறியது. இறங்கித் தள்ளினோம். மில்லிலிருந்து விடுகிற தண்ணீர் முதலில் அரிசி கழுவினது மாதிரி வெள்ளையாக ஓடுகிறது. அரைப் பர்லாங்கு போனதும் கறுத்துவிடுகிறது. வாடை, செத்த எலி ஊறின கழுநீர்த் தொட்டி மாதிரி. அதைக் குடித்த மூன்று ஆடுகள் வயிறு ஊதிச் செத்துப்போனதாக அங்கே ஒரு பெண்பிள்ளை சொன்னாள். தன் கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து, "குடிச்சுப் பாத்துட்டு உங்க ஊருல போயிச் சொல்லுங்க" என்றாள். அந்த ருசி மஞ்சவாடி தாண்டுகிற வரைக்கும் என் வாயில் இருந்தது.

நமக்குக் குடிக்கவும் பாயவும் இந்த ஓர் ஏரிதான். ஒரு முழம் நிலம் விடுவதில்லை, கம்பெனி வேலைக்கு ஒருத்தரும் போவதில்லை என்று ஊர் கூடிப் பேசியிருக்கிறோம். நீ சேலத்து மண்டியில் குமாஸ்தா. நாலு பேரைத் தெரிந்தவன். அந்தக் கம்பெனி யாருடையது என்று விசாரித்து எழுது.

+ தீர்த்தன் கீறல்

(மச்சான், எலி எல்லாம் கடிதத்தில் எதற்கு என்று கேட்டேன். அவன் மூக்கிலும் ஏறட்டும், எழுது என்றார். – காசி)

*

சேலம், செவ்வாய்ப்பேட்டை
21-8-1945

அப்பா அவர்களுக்கு மாதையன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் தேறியது கேட்டு ஆறுதல். நாங்கள் மூவரும் நலம். பாஞ்சாலிக்குக் கீழே இரண்டு பல் வந்து, கிட்டே போகிறவர்களையெல்லாம் கடிக்கிறாள். ஜப்பான்காரன் சரணடைந்துவிட்டான் என்று இங்கே கடைகளை மூடிக் கொண்டாடினார்கள். துணி மட்டும் இன்னும் கார்டுக்குத்தான்.

கம்பெனி விஷயம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பெரிய இடம், பெயர் சட்டென்று வெளியே வராது. கோபிக்காவிட்டால் ஒன்று சொல்கிறேன். மில் வந்தால் எல்லாமே கெடுதல் என்று இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்குச் சொந்த ஊரிலேயே உத்தியோகம் கிடைக்கும். பத்து வருஷமாக நான் இந்த மிளகாய் நெடியில் உட்கார்ந்திருக்கிறேன். அது இருக்கட்டும்.

மனுப் போடுவதானால் நிலத்தின் பூர்வீகம் தெரிய வேண்டும் என்று ஒரு வக்கீல் சொன்னார். மேலக்காட்டுக்குத் தீர்வை கட்டின கிஸ்து ரசீதில் மாரப்பன் என்று பெயர் இருக்கும்; சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் அந்தப் பெயரில் ஒருவரும் இல்லையே, அவர் யார்? இதைச் சொல்ல உங்களை விட்டால் ஆள் கிடையாது. ஒன்று விடாமல் சொல்லி எழுதச் சொல்லுங்கள். காசியைக் கேட்டதாகச் சொல்லவும்.

மாதையன்

*

நெருஞ்சிப்பட்டி
ஆவணி 25 (10-9-1945)

சிரஞ்சீவி மாதையனுக்கு அப்பன் தீர்த்தன் சொல்லி எழுதுவது. நான் சுகம். குழந்தையின் இரண்டு பல்லையும் கேட்டு ஊரெல்லாம் சொன்னேன். கருப்பி ஆயா, "கடிக்கிற புள்ளைதான் பொழைக்கும்" என்றாள். உன்னையும் அவள்தானே எடுத்தாள்.

நீ கேட்டதை நான் காசியிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது அவள் கையாலேயே எழுத வேண்டியிருக்கிறது. மேலக்காடு நாற்பது ஏக்கராவும் நம்முடையது இல்லை.

தாது வருஷத்துப் பஞ்சத்தில் எனக்கு ஒன்பது வயது. எங்கள் வூட்டில் புளியங்கொட்டையை வறுத்து இடித்துத் தின்றோம். மேலக்காடு மாரப்பன் வூட்டு நிலம். அவர்களிடம் இருந்த மாடு எல்லாம் விழுந்துவிட்டது. அடுத்த வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன்னால் ஏழு பேரும் புறப்பட்டார்கள். மாரப்பன், அவர் பெண்சாதி, தாயார், தம்பிகள் இரண்டு பேர், ஒரு தங்கச்சி, துணியில் முதுகோடு கட்டின கைக்குழந்தை. சின்னத் தம்பிக்கு இடது கால் விந்தல். ஏரிக்கரைப் பாறையில் ஏழு குழி இருக்கிறதே, அதில்தான் அந்த வூட்டுப் பெண்கள் கேழ்வரகு குத்துவார்கள். அங்கே நின்று மாரப்பன் சொன்னார்:

"மழை பெஞ்சா வந்துடறோம். நெலத்த உழுதுக்குங்க, வெளைஞ்சத தின்னுங்க. பேர மட்டும் மாத்திடாதீங்க."

சத்தியம் பண்ணக் கற்பூரத்துக்கு வழியில்லாத காலம். என் அப்பன் பாறை மேலே கை வைத்து, "நீ வர்ற வரைக்கும் உன் பேருலதான்டா நிக்கும்" என்றார். மற்ற வூட்டுக்காரர்களும் வைத்தார்கள். அந்தத் தாயார் புளியமரத்துக்கிட்டே போய் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். தலையில் ஒரு சட்டி கவிழ்த்திருந்தாள், வெயிலுக்கு.

அடுத்த வருஷம் மழை பெய்தது. அவர்கள் வரவில்லை. பன்னிரண்டு வூட்டுக்காரர்களும் பங்கு பிரித்து உழுதோம். கிஸ்து இன்றுவரை மாரப்பன் பேரில்தான். அவர்கள் எங்கே இருந்தாலும் பசிக்கக் கூடாது என்று என் அம்மா அந்தக் குழிகளில் கூழ் ஊற்ற ஆரம்பித்தாள். சாமிக்கு ஊற்றுவதாக இன்றைக்கு ஊரில் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். நான் இளந்தாரியாக இருந்தபோது செட்டில்மெண்டு ஆபீசர் குதிரையில் வந்து, பேரை மாற்றிக்கொள்ளச் சொன்னார். என் அப்பன், "ஆளு வெளியூரு போயிருக்குதுங்க, மழை பெஞ்சா வந்துடுவாரு" என்றார். "போன வருஷம் நன்றாகப் பெய்ததே" என்றார் ஆபீசர். "அது பத்தலீங்க" என்றார் என் அப்பன்.

இதையெல்லாம் உன் வக்கீலிடம் சொல். ஊரில் இல்லாதவன் நிலத்தை அறுபத்தெட்டு வருஷமாக அவன் பேரிலேயே காப்பாற்றி வைத்திருக்கிறவர்கள் என்று தெரிந்தால் எந்த ஆபீசரும் நம்மைத் துரத்த மாட்டான்.

+ தீர்த்தன் கீறல்

(மச்சான், மாமா சொல்லி முடித்ததும், இதை அனுப்பட்டுமா என்றேன். "எம்மவனுக்குத்தானே" என்றார். – காசி)

*

சேலம்
2-10-1945

அப்பா அவர்களுக்கு மாதையன் கும்பிட்டு எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தைப் பத்து தரம் படித்தேன். தலையில் சட்டி கவிழ்த்துப் போன கிழவியைக் கண்ணில் பார்த்த மாதிரி இருந்தது.

ஒரு சின்ன விவரம். அவர்கள் எந்த ஊருக்குப் போனார்கள் என்று பிற்பாடு ஏதாவது காதில் விழுந்ததா? தெரிந்தால் எழுதவும். உங்களுக்கு வேட்டி ஒன்றும் காசிக்குச் சீட்டித்துணி மூன்று கெஜமும் பஸ்காரர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மண்டியில் வேலை அதிகம், அதனால் சுருக்கம்.

மாதையன்

*

நெருஞ்சிப்பட்டி
ஐப்பசி 22 (7-11-1945)

சிரஞ்சீவி மாதையனுக்கு அப்பன் தீர்த்தன் சொல்லி எழுதுவது. வேட்டி வந்தது. கரை அகலமாக இருக்கிறது, நான் என்ன மாப்பிள்ளையா? காசி சீட்டித்துணியை மடித்தே வைத்திருக்கிறாள். உன் கடிதத்தில் குழந்தையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

நீ கேட்டது. எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து மாட்டு வியாபாரி ஒருவன் வந்தான். கோலார் தங்கச் சுரங்கத்தில், ஊரிகம் கூலி லயத்தில், இடது கால் விந்துகிற ஒருவனைப் பார்த்ததாகவும், நெருஞ்சிப்பட்டி ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று அவன் கேட்டதாகவும் சொன்னான். இருக்கிறது, வரச் சொல் என்று சொல்லி அனுப்பினோம். அவ்வளவுதான்.

இங்கே கம்பெனிக்காரர்கள் மேலக்காட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்த கல் நட்டார்கள். பெண்கள் போய் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். மேஸ்திரி ஓடிவந்து, "கல்லு எங்க?" என்றான். கருப்பி ஆயா, "எங்க வூட்டு அடுப்புக்கு மூணு வேணும்னு பாத்துட்டிருந்தேன், நீயே கொண்டாந்துட்டே சாமி" என்றாள். அன்று சிரித்தோம். மறுவாரம் போலீஸ்காரன் வந்து முனிராஜையும் இன்னும் மூன்று பேரையும் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டான். நான்காம் நாள் விட்டான். முனிராஜுக்கு ஒரு காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை. கலெக்டருக்குப் போட்ட மனு எந்தப் பதிலும் இல்லாமல் கிடக்கிறது.

கம்பெனி யாருடையது என்று ஆடி மாதம் கேட்டேன். உன்னிடமிருந்து இரண்டு கடிதம் வந்துவிட்டது, பதில் வரவில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது.

+ தீர்த்தன் கீறல்

*

நெருஞ்சிப்பட்டி
தை 12 (25-1-1946)

மாதையனுக்கு அப்பன் சொல்லி எழுதும் கார்டு. சுகம். தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. குழந்தை நடக்கிறாளா?

நோட்டீஸ் வந்திருக்கிறது. கோலார் ஊரிகத்தில் இருக்கும் மாரப்பன் பேரனிடம் கம்பெனி மேலக்காட்டைக் கிரயம் வாங்கிவிட்டதாம். பட்டாவை மாற்றப் பங்குனியில் விசாரணை. காசி படித்துச் சொன்னாள். "ஏரிக்கரைப் பாறையில் கொடுத்த வாக்கின்படி" என்று ஒரு வரி அதில் இருக்கிறது. இரண்டாம் தரமும் படிக்கச் சொன்னேன். அப்படியேதான் இருக்கிறது.

அந்தப் பாறையில் கை வைத்தவர்கள் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. பார்த்தவன் நான் ஒருவன்.

+ தீர்த்தன் கீறல்

*

சேலம்
26-2-1946

அப்பா அவர்களுக்கு. நாங்கள் சுகம். பாஞ்சாலி நடக்கிறாள்.

கம்பெனியில் எங்கள் மண்டி முதலாளிக்குப் பாதிப் பங்கு. நீங்கள் முதல் கடிதம் எழுதினபோதே எனக்குத் தெரியும். மில் வந்தால் என்னை அங்கே மானேஜராகப் போடுவதாகச் சொல்லியிருந்தார். உங்களுக்கும் வயதாகிறது, ஊரோடு வந்துவிடலாம், நாம் மேலே இருந்தால் அழுக்குத் தண்ணீரை ஏரிக்கு விடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது பொய் இல்லை.

ஆவணிக் கடிதத்தை நான் அவரிடம் காட்டினேன். ஊர்க்காரர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று தெரிந்தால் இரக்கம் வரும் என்று நீங்கள் எழுதின மாதிரியேதான் எனக்கும் பட்டது. அவர் வக்கீலைக் கூப்பிட்டார். இத்தனை வருஷம் தங்களுடையது என்று உழுதிருந்தால் மாரப்பன் வாரிசு வந்தாலும் அசைக்க முடியாது, ஆனால் மாரப்பன் பேரில் காத்து வைத்திருக்கிறோம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், இந்த ஒரு கடிதம் போதும் என்றார் வக்கீல். திருப்பிக் கேட்டேன். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கோலாருக்குப் போன ஆளோடு என்னையும் அனுப்பினார்கள். போனேன்.

என்னை என்ன சொன்னாலும் எழுதுங்கள். எழுதாமல் இருக்க வேண்டாம்.

மாதையன்

*

நெருஞ்சிப்பட்டி
பங்குனி 12 (25-3-1946)

மாதையன் மச்சானுக்குக் காசியம்மாள் எழுதுவது. மாமாவுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை, சாப்பாடுதான் பாதியாகிவிட்டது. அக்காவும் குழந்தையும் சுகம்தானே? இந்தக் கடிதம் மாமா சொல்லி எழுதுவது அல்ல. உங்கள் மாசிக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, மாட்டைத் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

பங்குனி எட்டாம் தேதி விசாரணை நடந்தது. புங்கமரத்தடியில் ஆபீசர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கம்பெனி வக்கீல் கறுப்புக் கோட்டில் வேர்த்துக்கொண்டு நின்றார். மாமா கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்.

"மேலக்காடு யாருடையது பெரியவரே?"

"எங்களுதுங்க."

"கிஸ்து ரசீதில் மாரப்பன் என்று இருக்கிறதே?"

"நாங்க படிச்சவங்களா? இருக்கற பேருல கட்டிக்கிட்டு வர்றோம்."

"மாரப்பன் யார்?"

"ஞாபகம் இல்லீங்க."

எந்த மாடு எந்தக் கிழமை கன்று போட்டது என்று சொல்கிற மனுஷர். வக்கீல் சிரித்துக்கொண்டே ஒரு காகிதத்தை எடுத்தார். தூரத்திலிருந்தே தெரிந்தது, என் கையெழுத்து. முழுவதும் உரக்கப் படித்தார். புளியங்கொட்டை, விந்திய கால், சட்டி கவிழ்த்த தாயார், கூழ். நம் ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்க் கதையை முதல் முதலாக அந்த ஆள் வாயால் கேட்டார்கள்.

"இது உன் மகன் மாதையனுக்கு நீ சொல்லி எழுதினது. கீழே உன் கீறல். இல்லை என்கிறாயா?"

மாமா துண்டை எடுத்து மடித்தார். மடித்ததையே மறுபடியும் மடித்தார். பிறகு, "எனக்குப் புள்ளை இல்லீங்க" என்றார்.

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். "யோசித்துச் சொல்லுங்கள் பெரியவரே. சத்தியம் செய்திருக்கிறீர்கள்."

"பெத்தது மறக்குமாங்க. இல்லீங்க."

வக்கீல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கருப்பி ஆயாவைப் பிடித்துக்கொண்டார். ஊரில் பிரசவம் பார்ப்பது நீதானே என்றார். "ஆமாங்க, இந்த ஊருல தலை தெரிஞ்சதெல்லாம் இந்தக் கையிலதான்" என்றாள். "அப்படியானால் இவர் மகனை எடுத்ததும் நீதானே?" ஆயா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அந்த வூட்டுல நான் வெந்நி வெச்சதே இல்லீங்க" என்றாள்.

முனிராஜைக் கேட்டார். உங்கள் கல்யாணத்தில் மூன்று தரம் பாயசம் வாங்கிக் குடித்த அதே முனிராஜ், "தீர்த்தன் ஒத்தைக் கட்டைங்க" என்றார். பிறப்புப் புத்தகம் எங்கே என்றதற்கு, "கரையான் தின்னுடுச்சுங்க" என்றார். பன்னிரண்டு வூட்டிலும் கேட்டார்கள். இப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒருவரும் முன்னால் பேசி வைக்கவில்லை மச்சான். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு எழுத்து தெரியாது என்றேன். ஆபீசர் பேனாவைக் கொடுத்து ஒரு கோடு போடச் சொன்னார். மத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்தேன். காகிதம் கிழிந்தது. இனி இந்த ஊரில் நான் எழுத முடியாது. இதை மாட்டுக் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

மகனையே கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று வக்கீல் வாய்தா வாங்கியிருக்கிறார். பங்குனி இருபத்தெட்டு. எழுது என்று மாமா சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை. விசாரணை முடிந்து வந்ததும், சேலத்தில் நீங்கள் எடுத்து அனுப்பின போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்து, "எங்கியாவது வை" என்றார். தவிட்டுப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.

காசி

*

கோலார், ஊரிகம்
5-5-1946

காசிக்கு மாதையன் எழுதுவது. சுகம். விலாசம் உறைக்குப் பின்னால் இருக்கிறது.

வாய்தாவுக்கு முதல் நாள் காலை, மண்டி ஆள் ஒருவரைத் துணைக்குப் போட்டு என்னைப் பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மஞ்சவாடியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். பஸ் கிளம்பினபோது நான் ஏறவில்லை. மலையோரமாகவே நடந்தேன். நம் ஊருக்கு மேலே வந்தபோது நடுப்பகல். ஏரியில் யாரோ எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். யார் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மொரப்பூர் போய் ரயில் ஏறினேன்.

நஞ்சம்மாளும் குழந்தையும் ஒரு வாரம் கழித்து வந்து சேர்ந்தார்கள். மண்டியிலிருந்து நற்சாட்சி இல்லாததால் குமாஸ்தா வேலை கிடைக்கவில்லை. பூமிக்குள் இறங்குகிறேன். பேர் பதியும்போது தகப்பன் பேர் கேட்டார்கள். வாயில் வந்த பேர் ஒன்றைச் சொன்னேன்.

மாரப்பன் பேரன் அடுத்த லயத்தில்தான் இருக்கிறான். அவன் தாத்தா பேரில் நம் ஊரில் இன்னும் ரசீது போடுகிறார்கள் என்று சொன்னேன். நான் கேலி பண்ணுவதாக நினைத்து எழுந்து போய்விட்டான்.

அவரிடம் இதைப் படித்துக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

மாதையன்

*

நெருஞ்சிப்பட்டி
வியய வருஷம் ஆடி 19 (4-8-1946)

கோலார் ஊரிகத்தில் மேற்படி விலாசத்தில் இருப்பவருக்கு, நெருஞ்சிப்பட்டியில் ஒரு கிழவன் சொல்லி எழுதுவது. உங்கள் வூட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்க எனக்கு உறவு முறை இல்லை. பூமிக்குள் காற்று உண்டா என்று இதை எழுதுகிறவள் கேட்கச் சொல்கிறாள். குழந்தை ஓடுகிறாளா என்றும் அவளேதான் கேட்கிறாள்.

வாய்தா அன்று மகனைக் கூப்பிட்டார்கள். மூன்று தரம் கூப்பிட்டார்கள். ஒருவரும் வரவில்லை. வக்கீல் இன்னொரு வாய்தா கேட்டார். ஆபீசர் அதற்கு ஒப்பவில்லை. கடிதத்தை மடித்து வக்கீலிடமே கொடுத்துவிட்டார். ஆனி மாதம் உத்தரவு வந்தது. பட்டா மாறாது. வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போகலாம் என்று கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் போகவில்லை. மூன்று மைல் கீழே, இதே ஓடைக்கரையில் வேறு இடம் வாங்கிவிட்டார்கள். இப்போது சுவர் எழும்புகிறது. அந்த ஊர்க்காரர்கள் வந்து, நீங்கள் எப்படித் தப்பித்தீர்கள், எங்களுக்கும் சொல்லுங்கள் என்று முனிராஜைக் கேட்டார்கள். முனிராஜ் என்னைப் பார்த்தார். அவர்களிடம் நாங்கள் என்ன சொல்ல முடியும்?

நான் கற்பூரம் அணைத்துப் பொய் சொன்னவன். அது என்னோடு போகட்டும். மாரப்பன் வூட்டு ஆள் ஒருத்தன் கையில் ஒரு பையோடு இந்த ஏரிக்கரையில் வந்து நின்றிருந்தால், அன்றைக்கே ஏரை அவிழ்த்துவிட்டு மேலக்காட்டை விட்டுக்கொடுத்திருப்பேன். அவனை நீங்கள் பார்த்தால் சொல்லுங்கள். கிஸ்து இந்த வருஷமும் அதே பேரில்தான் கட்டினோம்.

இன்னொன்று. கம்பெனி ஆள் இந்தப் பக்கம் இன்னும் வந்து போகிறான். ஊரில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்க்கிறான். அதனால் இந்த ஊருக்குப் புதிதாக யாரும் வராமல் இருப்பது நல்லது. ஒரு சாவுச் செய்தி காதில் விழுந்தாலும் வர வேண்டாம். கொள்ளி வைக்க முனிராஜ் ஒப்புக்கொண்டிருக்கிறார். நல்ல காதைத் திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

நேற்று பதினெட்டு. பாறையில் கூழ் ஊற்றினோம். இப்போது அது யாருக்கு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏழு குழியும் நிரம்பின பிறகு சட்டியில் ஒரு கரண்டி மிச்சம் இருந்தது. காசி என் முகத்தைப் பார்த்து, "இத எங்க ஊத்தறது மாமா?" என்றாள். பக்கத்தில் வெறும் பாறையைக் காட்டினேன். குழி இல்லாததால் நிற்காமல் வழிந்தது. நாங்கள் எட்டிப் போய் நின்றோம். காக்கை முதலில் அங்கேதான் இறங்கியது.

இதில் கீறல் வைக்கவில்லை. படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும்.